மேடு பார்த்து நிறுத்திய கார்

மனிதன் மனிதனானதே மேடு தேடி ஏறியதால்தான். வெள்ளத்துக்குப் பயந்து ஏறினான். எதிரி வருகிறானா என்று பார்க்க ஏறினான். கோட்டை கட்ட ஏறினான். கடைசியில் ஆண்டவனைக் கூப்பிடவும் உயரமான இடத்தில்தான் போய் நின்றான். நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் இந்த ஏற்றத்தின் கதைதான். தருமபுரிப் புளிமண்டி ஹயாத் பாஷாவும் எங்கே போனாலும் மேடு பார்த்துத்தான் தன் காரை நிறுத்துவார். அவருடைய காரணம் வேறு. அந்தக் கார் சரிவில் உருண்டால்தான் கிளம்பும்.

கறுப்பு நிறம். முன்விளக்கு இரண்டும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி பிதுங்கியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. பங்களா வாசலில் நின்றிருந்தது. வெள்ளைக்காரர் கைப்பிரேக்கை விட்டார். வண்டி உருண்டது, ஒரு குலுக்குக் குலுக்கியது, உறுமிக் கிளம்பியது. "பட்டு மாதிரி கிளம்புது பாத்தியா" என்றார் ஹயாத் பாஷா, தன் டிரைவர் காஜாவிடம். மலையை இறங்கிச் சேலத்தில் டீ குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தியபோதுதான், என்ஜினைச் சுற்றிவிட வேண்டிய செல்ப் செத்துப் பல வருஷமாகிவிட்டது என்று தெரிந்தது. மலைமேல் குடியிருந்த மனுஷனுக்கு அது தேவைப்படவேயில்லை.

அந்தச் சாமான் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும் என்றார் சேலத்து மெக்கானிக். ஹயாத் பாஷா மூன்று கடிதம் எழுதிப் போட்டார். இங்கிலாந்து பதில் போடவில்லை. முன்னால் கம்பியைச் சொருகிக் கையால் சுற்றியும் கிளப்பலாம்தான். ஆனால் ஒரு தடவை கம்பி திருப்பி அடித்ததில் காஜாவின் மணிக்கட்டு பிசகி, ஒரு மாதம் கட்டோடு திரிந்தான். அதற்குப் பிறகு கம்பியைக் கண்டாலே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி அப்போது நான்கு வருஷம். ஊருக்குள் கலெக்டர் வந்துவிட்ட பெருமையில் எல்லாரும் கொஞ்சம் விறைப்பாக நடந்த காலம். கார் வைத்திருப்பவர் எது செய்தாலும் அதில் ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வரும்போது ஹயாத் பாஷா காரைத் தூரத்தில், ரோட்டு மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். "பள்ளிவாசலுக்கு முன்னால கார்ல வந்து எறங்கக் கூடாதுன்னு ஒரு அடக்கம் பாருங்க" என்று பெரியவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஹயாத் பாஷா தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவு சோற்றில் கை வைத்தபடி அவர் தனக்குத்தானே சிரித்ததை அவர் மனைவி ஜான் பீ மட்டும்தான் பார்த்தாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓட்டியாகிவிட்டது. அப்போதுதான் மகள் ஷகிலாவுக்குப் பம்பாயிலிருந்து சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அக்பர் அலி. கிருஷ்ணகிரியில் பிறந்து, பதினைந்து வயதில் பம்பாய்க்குப் போய், தோல் பை வியாபாரத்தில் தலையெடுத்தவர். ஷகிலாவுக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. ஏற்கனவே இரண்டு இடம் பேச்சுவார்த்தையிலேயே நழுவிப் போயிருந்தது. இந்த இடமும் நழுவினால் அடுத்து யார் வருவார்கள் என்று ஹயாத் பாஷாவுக்குத் தெரியவில்லை. நடுவில் பேசிய உறவுக்காரர் 'சொந்தக் கார் வைத்திருக்கிற குடும்பம்' என்று எழுதிவிட்டார். அக்பர் அலியின் பதிலில் பெண்ணைப் பற்றி ஒரு வரியும், பெங்களூரிலிருந்து தருமபுரிக்குக் காரில் எத்தனை மணி நேரம் என்று இரண்டு வரியும் இருந்தன. ஹயாத் பாஷா உடனே, தானே விமானத்தில் பம்பாய் வந்து, வீட்டாரைப் பார்த்து, மூன்றாம் நாள் சம்பந்தியைக் கையோடு விமானத்திலேயே கூட்டிவந்து, பெங்களூரிலிருந்து சொந்தக் காரில் அழைத்துப் போவதாக எழுதிவிட்டார். எழுதி, தபாலில் போட்டு, திரும்பி நான்கு எட்டு நடந்த பிறகுதான் காரின் குணம் நினைவுக்கு வந்தது. நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பிவர அந்தக் காருக்குத் தெம்பில்லை. மூன்று நாள் அதை விமான நிலையத்தில் எங்கே நிறுத்துவது?

"ரயில்ல போயிட்டு வந்தா என்ன கொறஞ்சுபோவுது?" என்றாள் ஜான் பீ.

"எழுதியாச்சு."

"பேசாம ஒரு டாக்சி வெச்சுக் கூட்டியாங்க."

"சொந்தக் கார்னும் எழுதியாச்சு."

"அவங்க பொண்ணப் பாக்க வராங்களா, காரப் பாக்க வராங்களா?"

"ரெண்டையும்தான். பொண்ணு தானா எந்திரிச்சு வந்து சலாம் சொல்லும். காரு?"

அவர் கண்முன்னால் ஒரே ஒரு காட்சிதான் ஓடியது. விமானத்திலிருந்து இறங்கிய கோட்டுப் போட்ட சம்பந்தி காரில் ஏறி உட்காருகிறார். நாலு கூலிக்காரர்கள் பின்னால் நின்று தள்ளுகிறார்கள். பம்பாய் போய்ச் சம்பந்தி தன் வீட்டில் சொல்கிறார், அது ஒரு தள்ளுவண்டிக்காரர் வீட்டுப் பெண் என்று.

காஜாவிடம் யோசனை கேட்டார். முன்கூட்டியே கிளப்பி ஓடவிட்டபடி காத்திருக்கலாமே என்றால், நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடினால் அது கொதித்து, ஆவி விட்டு, அணைந்துபோகும். விமானமோ சொன்ன நேரத்துக்கு வரும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. ஆகவே சரிவுதான் வழி.

"அதுக்கு என்னடா கவலை" என்று ஹயாத் பாஷா தன்னைத் தேற்றிக்கொண்டார். "பெங்களூர் கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி ஒசரம்னு பேப்பர்லயே போட்டிருக்கான். ஊரே மேட்டு மேலதான் இருக்குது. அங்க சரிவுக்கா பஞ்சம்?"

காஜா தலையைச் சொறிந்தான். "பாய், நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே. ஏரோப்ளேன் எறங்கணும்னா தரை மட்டமா இருக்கணும். மட்டமான எடம் எங்கன்னு தேடிப் பாத்துத்தான் அதைக் கட்டுவாங்க."

உலகத்திலேயே மிகவும் தட்டையான இடத்துக்கு, உலகத்திலேயே சரிவு தேவைப்படுகிற ஒரே காரைக் கொண்டுபோவதாக எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று ஹயாத் பாஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் அறிவை மெச்சிக்கொண்டார்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி இடம் பார்க்கப் போனார்கள். பஸ்ஸில் ஹயாத் பாஷாவுக்குக் குமட்டும் என்று ஜான் பீ முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள். காஜா சொன்னது சரியாகத்தான் இருந்தது. விமான நிலையத்து முன்வெளி தோசைக்கல் மாதிரி இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சரிவு எங்காவது ஒளிந்திருக்கும் என்று ஹயாத் பாஷா விடாமல் தேடினார். பாக்கெட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அது அசையவில்லை. பத்தடி தள்ளி வைத்தார். அங்கேயும் அசையவில்லை. ஜிப்பாவும் தொப்பியுமாக ஒரு பெரிய மனுஷர் குந்தி உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தையே உற்றுப் பார்ப்பதும், எழுந்து போய் வேறிடத்தில் குந்துவதும், பக்கத்தில் ஒருவன் கைகட்டி நிற்பதுமாகக் கால் மணி நேரம் போனது. காக்கி உடுப்பில் ஒரு காவலாளி தடியோடு வந்து நின்றார்.

"ஏன்ரீ இது, மாட்ட மந்த்ர மாடுத்தீரா?" என்று கன்னடத்தில் அதட்டியவர், இவர்கள் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். அவர் பெயர் மாதேஸ்வரன், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். "ஏரோப்ளேன் எறங்கற எடத்துல வந்து எலுமிச்சம்பழம் வெச்சு மந்திரம் பண்றீங்களே, யார் மேலங்க இவ்ளோ கோவம்?"

"மந்திரம் இல்லீங்க. பள்ளம் தேடறோம்."

"பள்ளமா? எதைப் பொதைக்க?"

காஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். ஹயாத் பாஷா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், வந்தது வேறு. "நம்முது சீமைக் காருங்க. அது சரிவுல நின்னாத்தான் எண்ணெயெல்லாம் எறங்கி வண்டி நல்லா இருக்கும். மட்டத்துல நிறுத்தினா கெட்டுப்போயிடும்."

மாதேஸ்வரன் அதை நம்பவில்லை என்றாலும் சீமைக் கார் என்ற சொல்லை நம்பினார். தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஒரு எடம் இருக்குதுங்க. கேன்டீன் பின்னால. பாத்திரம் கழுவற எச்சித்தண்ணி ஓடற பக்கம். உங்கள மாதிரி ஆளுங்க வண்டி நிக்கற எடம் இல்ல அது."

"காட்டுங்க" என்றார் ஹயாத் பாஷா, பொன் கிடைத்தவர் போல.

அங்கே எலுமிச்சம்பழம் வைத்த மாத்திரத்தில் உருண்டு, சோற்றுப் பருக்கைகளோடு சாக்கடையில் போய் விழுந்தது. ஹயாத் பாஷாவின் கண் கலங்கிவிட்டது. எச்சில் நாற்றத்தை மூச்சு இழுத்து முகர்ந்தார். எந்த ஊர், என்ன தொழில் என்று மாதேஸ்வரன் விசாரித்து, புளிமண்டி என்றதும் முகம் மலர்ந்தார். "எங்க வூட்ல தருமபுரிப் புளின்னா உசுருங்க" என்றார். அடுத்த வாரம் காரின் பின்சீட்டில் அரை மூட்டைப் புளியும் ஏறியது.

பயண நாளன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. காரைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தினார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கதவுப் பூட்டு வேலை செய்யாததால் பூட்டவில்லை. புளி மூட்டை மாதேஸ்வரனின் சைக்கிளில் ஏறியது. காஜா பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினான். மூன்றாம் நாள் காலையில் வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. ஹயாத் பாஷா விமானத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். விமானமும் கொஞ்ச தூரம் உருண்ட பிறகுதான் கிளம்பியது. அதன்மேல் அவருக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

பம்பாயில் நல்ல மரியாதை. பையன் லட்சணமாக, அடக்கமாக இருந்தான். அக்பர் அலி ஆறடி உயரம், நரைத்த தாடி, சாம்பல் நிறக் கோட்டு. அளந்து பேசுகிற மனிதர். "வூட்டப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று அவர் சொன்னதைக் 'காரைப் பார்த்துவிட்டு' என்றுதான் ஹயாத் பாஷாவின் காது கேட்டது. திரும்பி வரும் விமானத்தில் அவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி இருந்தார்: சம்பந்தியைக் கேன்டீன் பக்கம் நடத்திக் கூட்டிப்போக வேண்டும், நாற்றத்துக்கு ஏதாவது ஒரு பொய் சொல்ல வேண்டும், காஜா கல்லை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே வந்தார்கள். வாசலுக்கு நேர் எதிரே, முன்வெளியின் நட்டநடுவில், துடைத்துப் பளபளப்பாக, மாலை கூடப் போட்டுக் கறுப்புக் கார் நின்றிருந்தது. பக்கத்தில் காஜா, கைகளைப் பின்னால் கட்டியபடி, கம்பியைப் பார்த்தவன் போல நின்றிருந்தான். மாதேஸ்வரன் ஓடிவந்து சலாம் வைத்தார்.

"அந்தப் புளி சாமி... மூணு நாளா எங்க வூட்ல அதே பேச்சு. அப்பேர்ப்பட்ட புளி குடுத்த மனுஷர் வண்டி எச்சித்தண்ணில நிக்குதேன்னு எனக்கு மனசே கேக்கல. ஆறு ஆளை விட்டுத் தள்ளிக் கொண்டாந்து பெரிய ஆபீசருங்க நிறுத்தற எடத்துலயே நிறுத்திட்டேன். இவரு திரும்பக் கொண்டுபோவணும்னு நின்னாரு. நான் விடுவனா?"

"சொல்லிப் பாத்தேன் பாய்" என்றான் காஜா மெதுவாக.

அக்பர் அலி காரைச் சுற்றிவந்து பார்த்தார். "நல்ல வண்டி" என்றார். ஹயாத் பாஷாவின் கால்கள் அவரைக் கேட்காமலே கொண்டுபோய்ப் பின்சீட்டில் உட்காரவைத்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் தோசைக்கல். சும்மா பேருக்கு இருந்த செல்ப் பொத்தானை காஜா அழுத்தப்போவதில்லை. அழுத்தினாலும் ஒன்றும் நடக்கப்போவதில்லை. அப்போது அவர் வாயிலிருந்து, யாரோ வேறொருவர் பேசுகிற மாதிரி, வார்த்தைகள் வந்தன.

"எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டுங்க. சம்பந்தம் பேச மொத மொதல்ல கார்ல போறப்போ, சும்மா ஏறிப் போயிடக் கூடாது. பிஸ்மில்லா சொல்லி, கையால தொட்டு, பத்தடி அனுப்பி வெக்கணும்."

"நானும் கிருஷ்ணகிரியில பொறந்தவன்தானே. இப்டி ஒரு வழக்கம் கேள்விப்பட்டதில்லையே."

"நீங்க போன பொறவு வந்ததுங்க. மாவட்டம் பிரிஞ்சப்போ."

அக்பர் அலி தாடியைத் தடவினார். "யாரு தள்ளணும்?"

இந்த இடத்தில் ஹயாத் பாஷா நிதானித்திருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் தள்ளுவார், மாப்பிள்ளை வீட்டார் உள்ளே சவுக்கியமாக உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அவர் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். "பொண்ணோட அத்தா உள்ள உக்காரணும். மாப்பிள்ளையோட அத்தா வெளிய நின்னு அனுப்பணும்" என்று வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு வழக்கத்தை ஒரு தடவைதான் உண்டாக்க முடியும். உடனே திருத்தினால் அது வழக்கம் இல்லை.

அக்பர் அலி கோட்டைக் கழற்றி மடித்து ஜன்னல் வழியாக ஹயாத் பாஷாவின் மடியில் வைத்தார். பின்னால் போனார். மாதேஸ்வரனும் இரண்டு டாக்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "பிஸ்மில்லா" என்ற குரல் கேட்டது. பத்தடி நாற்பதடியானது, நாற்பதடி நூறடியானது. கார் குலுங்கி, உறுமிக் கிளம்பியது. மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிய அக்பர் அலி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஹயாத் பாஷா மடியிலிருந்த கோட்டைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓசூருக்கு அப்பால் ஒரு நல்ல இறக்கத்தை காஜா மனதில் குறித்து வைத்திருந்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு டீக்கடையைப் பார்த்துவிட்டு, "இங்கயே நிறுத்துப்பா" என்றார் அக்பர் அலி. பெரியவர் சொன்னதை மீற முடியுமா? நிறுத்தினான். நிறுத்திய இடம் மட்டம். டீ குடித்தார்கள். ஹயாத் பாஷா கிளாஸை வைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். உண்மைக்கு எங்கே ஆரம்பம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோதே அக்பர் அலி எழுந்து, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் போய் நின்றார்.

"நீங்க உள்ள உக்காருங்க" என்றார். "வழக்கத்த விடக் கூடாது."

"இல்லீங்க, அது வந்து..."

"பம்பாயிலயும் இந்த வழக்கம் இருக்குது பாய். அங்க டாக்சிக்காரங்க எல்லாரும் தினம் காலையில தவறாம செய்வாங்க."

ஹயாத் பாஷா அவர் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இருந்ததா என்று தாடிக்குள் தெரியவில்லை. தன் காது மடல் சூடானது மட்டும் தெரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நினைத்தார். இங்கேயே நின்று, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

"நான் பொய் சொல்லிட்டேங்க" என்றார். "செல்ப் இல்லீங்க அதுக்கு. வாங்கின நாளா இல்ல."

"அது பெங்களூர்லயே தெரியும்."

"சம்பந்தம்...?"

அக்பர் அலி கார் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினார். "பொண்ண நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்" என்றார். "காரு மட்டும் உங்க வூட்லயே இருக்கட்டும். சீதனம் கீதனம்னு இத எங்க தலையில கட்டிடாதீங்க. இப்ப ஏறுங்க, நேரமாவுது."

ஹயாத் பாஷா தானும் கூட நின்று தள்ளுவதாகச் சொன்னார். அக்பர் அலி கேட்கவில்லை. மாவட்டத்து வழக்கத்தை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

கிருஷ்ணகிரியில் ஒரு தடவை, காரிமங்கலம் சந்தைக் கூட்டத்தில் மாட்டுவண்டிக்கு வழிவிட நின்று ஒரு தடவை. சாயங்கால வெயிலில் தருமபுரிக்குள் நுழைந்தார்கள். ஹயாத் பாஷாவின் தெருவில் ஊரே கூடியிருந்தது. பம்பாய்ச் சம்பந்தி விமானத்தில் வந்து காரில் இறங்குகிறார் என்று ஜான் பீயின் தம்பி எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். பள்ளிவாசல் பெரியவர் ரோஜா மாலையோடு முன்னால் நின்றார். தெருமுனை திரும்பியதும் கார் ஒரு விக்கல் விக்கி நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அது சத்தமில்லாமல் மெதுவாக வீட்டை நோக்கி நகர்ந்து வந்தது. பெரியவர் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து சம்பந்தியைத் தேடினார். பின்சீட்டில் மடியில் கோட்டோடு ஹயாத் பாஷா மட்டும் உட்கார்ந்திருந்தார். அக்பர் அலி பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.